கோதல ஹிம்புட்டுச் சாறு நரம்பைக் காக்கிறதா, சீனியை மட்டும் குறைக்கிறதா?

கறுவாப்பட்டை:
சலரோக நரம்புச் சேதத்துக்குக் கோதல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் சாறு உதவுமா என்று கொழும்பில் விஸ்டார் இன ஆய்வுக்கூட எலிகளில் பார்க்கப் போகிறோம். சலரோகத்தை வரவழைக்க ஸ்ட்ரெப்டோசோட்டோசின் 55 மி.கி./கி.கி. வயிற்றறைக்குள் ஒரே ஊசி. மூன்றாம் நாளிலிருந்து சாறு 250, 500 மி.கி./கி.கி. வாய்வழி, 8 கிழமை. முடிவில் ஹொட் பிளேட், அதாவது சூடான தட்டில் எலி எவ்வளவு நேரத்தில் காலை எடுக்கிறது என்ற வலிச் சோதனை. குழு நான்கு: நல்ல எலி, சாறு கொடுக்காத சலரோக எலி, இரண்டு டோஸ். முன்னோட்டத்தில் சில எலிகள் மறுநாளே செத்துப்போகின்றன, சிலதுக்குச் சீனி ஏறவே இல்லை. எங்கே பிழை?

எலிக்கூடு:
இரண்டும் வேறு வேறு பிழை. சீனி ஏறாததற்கு ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கெட்டிருப்பதுதான் வழக்கமான காரணம். பொடி மைனஸ் 20இல், ஈரம் படாமல் இருக்க வேண்டும். கரண்ட் போய் வந்த ஃப்ரீசரை நம்ப வேண்டாம். 0.1 மோலார் சிட்ரேட் பஃபர், பிஎச் 4.5, ஐஸில் குளிர்ந்தது. குப்பியைப் ஃபாயிலால் சுற்றுங்கள். கரைத்தால் 10, 15 நிமிடத்துக்குள் ஏற்றி முடியுங்கள். மி.லி.க்கு 27.5 மி.கி. கரைத்தால் 250 கிராம் எலிக்கு 0.5 மி.லி. சரியாக வரும்.

மறுநாள் சாவது பெரும்பாலும் சீனி ஒரேயடியாக விழுவதால். இன்சுலின் சுரக்கும் பீட்டாக் கலங்கள் சிதையும்போது உள்ளிருந்த இன்சுலின் முழுக்கக் கொட்டும். முதல் 24 மணிக்குக் குடிநீருக்குப் பதில் 10% சீனித் தண்ணீர் வையுங்கள். 72 மணியில் இரத்தச் சீனி 250 மி.கி./டெ.லி.க்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடுங்கள். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் புற்றுநோய் தரக்கூடியது. முதல் நாட்களில் கூட்டில் விரித்த தூளைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நுனிநரம்பு:
ஊசி சரியானாலும் இந்தத் திட்டத்தால் உங்கள் கேள்விக்குப் பதில் வராது. இந்தச் சாற்றில் உள்ள சலாசினோல், கொட்டலனோல் இரண்டும் குடலில் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் ஆல்பா குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுப்பவை. மூன்றாம் நாளிலேயே கொடுத்தால் சீனி குறையும், நரம்பு குறைவாகச் சேதமாகும். அதை நரம்பு மருந்து என்று எழுத முடியாது.

நான்காம் கிழமை வரை சாறு கொடுக்காமல் விடுங்கள். பாதத்தில் அளந்த விசையோடு அழுத்தும் வொன் ஃப்ரே இழையால் தொடு உணர்வு மாறியதை உறுதிப்படுத்தி, அதன் பிறகு எலிகளைக் குழுப் பிரியுங்கள். கூடவே அகார்போஸ் என்ற சலரோக மாத்திரை கொடுக்கும் குழு ஒன்று கட்டாயம். அதுவும் அதே நொதியைத்தான் தடுக்கிறது. சாற்றுக் குழுவின் சீனி அளவுக்கே அதையும் கொண்டுவந்த பிறகும் சாற்றில் நரம்பு மேலாக இருந்தால்தான் பேச ஏதாவது இருக்கிறது. நரம்பு வலி மருந்தான கபாபென்டின் கொடுக்கும் குழு, வலிச் சோதனை வேலை செய்கிறதா என்று காட்டும். நரம்பு ஆறுவதைக் காட்டாது.

ஹொட் பிளேட் மட்டும் போதவே போதாது. தொடக்கத்தில் எலி சூட்டுக்குச் சீக்கிரம் காலை எடுக்கும்; நாள் போகப்போக உணர்வே மங்கித் தாமதமாக எடுக்கும். எட்டாம் கிழமையில் நேரம் கூடினால் குணமா, கேடு முற்றியதா? நரம்புக் கடத்தல் வேகம் அளவுங்கள், காலை 37 பாகையில் வைத்து. குளிர்ந்த காலில் வேகம் தானாகக் குறையும். பாதத் தோலில் நரம்பிழைகளைக் காட்டும் பிஜிபி 9.5 புரதத்துக்குச் சாயமிட்டு அவற்றை எண்ணினால் இன்னும் நல்லது. வலிச் சோதனையை அன்றைய டோஸுக்கு முன் செய்யுங்கள், இல்லாவிட்டால் சாற்றின் தற்காலிக வலிநிவாரணத்தைத்தான் அளப்பீர்கள். குழுவுக்கு 6 எலி போதாது, 10 வையுங்கள்.

பச்சிலை:
சாற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! கடையில் வெட்டி விற்கும் துண்டில் வேரும் தண்டும் கலந்திருக்கும். இலையோடு மாதிரி எடுத்துப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் அடையாளம் உறுதிசெய்யுங்கள். ஒரே தொகுதிச் சாறு முழுச் சோதனைக்கும் போதுமா என்று முதலே கணக்குப் பாருங்கள். சாற்றிலுள்ள மாங்கிஃபெரின் என்ற சேர்மத்தை எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) அளக்கலாம். சலாசினோலுக்கு புறஊதாவில் உறிஞ்சல் இல்லாததால் அதற்கு மாஸ் ஸ்பெக் (மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் கருவி) வேண்டும்.

எலிக்கூடு:
இன்னொன்று, வொன் ஃப்ரே இழை நைலோன். கொழும்புக் காற்றின் ஈரத்தில் இளகி, 15 கிராம் என்று போட்டிருப்பது 15 கிராமாக அழுத்தாது. ஏசி அறையிலேயே வைத்து, ஒவ்வொரு நாளும் தராசில் அழுத்திப் பாருங்கள்.

கறுவாப்பட்டை:
நன்றி. அகார்போஸ் காலையில் ஒரு தடவை கொடுத்தால் போதுமா?

நுனிநரம்பு:
போதாது. எலி இரவில்தான் தின்னும். காலையில் கொடுத்தால் வெறுங்குடலில் வீணாகிவிடும். லைட் அணைக்க முன் கொடுங்கள், சாற்றையும் அதே நேரத்தில்.