நுரையீரல் சார்கோயிடோசிஸ் உள்ள அம்மாவுக்கு எண்டோஸ்கோபி எதற்கு?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு வயது 58. நுரையீரல் சார்கோயிடோசிஸுக்கு (உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் உருவாகும் நோய்) ஸ்டீராய்டு எடுத்து இருமல் நின்றுவிட்டது. இப்போது ஸ்கேனில் மண்ணீரல் வீங்கியிருக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்து 92,000, அல்கலைன் பாஸ்படேஸ் என்ற கல்லீரல் நொதி ஏறி 410. கல்லீரல் வேலை செய்வதைக் காட்டும் பிலிருபின், ஆல்புமின் இரண்டும் சரியாக இருக்கின்றன. மருத்துவர் எண்டோஸ்கோபி செய்யச் சொல்கிறார். “மது தொட்டதில்லை, கல்லீரலும் வேலை செய்கிறது, தொண்டைக்குள் குழாய் எதற்கு?” என்கிறார் அம்மா. என்ன பதில் சொல்வது?

நுண்ணோக்கி:
நான் நோய்க்குறியியல் மருத்துவர். பயாப்ஸியில் எடுக்கும் திசுத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்ப்பதே என் வேலை. தயவுசெய்து எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.

சார்கோயிடோசிஸ் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் கல்லீரலில் கிரானுலோமாக்கள் எனும் சிறு அழற்சிக் கட்டிகள் இருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் தொந்தரவே வராது. சிலருக்கு வருவதற்குக் காரணம் அவை அமையும் இடம். நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டில் பார்த்தால், வெளிர் இளஞ்சிவப்புச் செல்கள் நெருக்கியடித்து உருண்டு கிடக்கும். நடுவே பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல் ஒன்றிரண்டு, சுற்றிலும் நார்த்திசு வளையம். கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளையும் பித்தநாளமும் சேர்ந்து ஓடும் பாதையில்தான் இவை அதிகம். பித்தநாளம் நெரிபட்டால் அல்கலைன் பாஸ்படேஸ் ஏறும். சிரை நெரிபட்டால் குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் தேங்கும். மண்ணீரல் பெருத்துத் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உணவுக்குழாய்ச் சிரைகள் புடைக்கும். அவை வெடித்து ரத்தம் கசியலாம், அப்படிப் புடைத்திருக்கின்றனவா என்று பார்க்கத்தான் எண்டோஸ்கோபி. அடைப்பு கல்லீரல் செல்களுக்கு முன்னாலேயே இருப்பதால் செல்கள் வழக்கம்போல் இயங்கும். சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறுவது) இல்லாமலும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுவது இப்படித்தான்.

தாமரைக்குளம்:
என் கணவருக்கும் இதே நோய். ஸ்டீராய்டில் அல்கலைன் பாஸ்படேஸ் நன்றாக இறங்கியது. அதற்குப் பிறகுதான் உள்ளே ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போனது. எண்டோஸ்கோபியில் புடைத்த சிரைகளுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். இப்போது சிரை அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரை சாப்பிடுகிறார், நலமாக இருக்கிறார்.

நுண்ணோக்கி:
இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்டீராய்டு ரத்தப் பரிசோதனை எண்களைக் குறைக்கும். நாராகிவிட்ட இடத்தைப் பழையபடி ஆக்காது. எண் இறங்கியதை வைத்துச் சிரைகள் நன்றாக இருக்கின்றன என்று முடிவு கட்டக் கூடாது. மலம் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ உடனே அவசரச் சிகிச்சைக்கு ஓடுங்கள்.

இன்னொன்று: பயாப்ஸி அறிக்கையில் காசநோய்ப் பரிசோதனை முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். காசநோய்க் கிரானுலோமாவின் நடுப்பகுதி பெரும்பாலும் அழுகிச் சிதைந்திருக்கும், சார்கோயிடோசிஸில் அப்படி இருக்காது. ஆனாலும் நம் நாட்டில் கண்ணை மட்டும் நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி, டாக்டர். அறிக்கையில் காசநோய் இல்லை என்றே இருக்கிறது. வியாழக்கிழமை எண்டோஸ்கோபி. மயக்க மருந்து கொடுப்பார்களா?

நுண்ணோக்கி:
பெரும்பாலும் லேசாகக் கொடுப்பார்கள். நுரையீரல் நோய் இருப்பதையும் ஸ்டீராய்டு எடுப்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.