தாய்லாந்தின் ‘ஜிகோ’ கியாட்டிசுக்: பெரிய ஆட்டக்காரரா, பெரிய கோச்சா?

மைதான ஓரம் கேட்டது:

2019 ஆசியக் கோப்பையில் நாம் தாய்லாந்தை 4-1 என்று அடித்த ஆட்டம் ஞாபகம் இருக்கும், சேத்ரி இரண்டு கோல் போட்டாரே, அது. மறுநாளே அவர்கள் கோச் ராயவாட்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது தாய் ரசிகர்கள் எழுதியதையெல்லாம் மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தேன், பாதிப் பேர் “ஜிகோவைத் திரும்பக் கூப்பிடு” என்கிறார்கள். நான் முதலில் பிரேசில் ஜிகோ என்றே நினைத்துவிட்டேன் (அவர் ஜப்பானுக்குக் கோச்சாக இருந்தவர்தானே). பிறகுதான் தெரிந்தது, கியாட்டிசுக் செனாமுவாங் என்ற அவர்கள் ஊர் ஆளுக்கு அது பட்டப்பெயராம். 134 ஆட்டத்தில் 71 கோல் என்று போட்டிருக்கிறது. இந்த 71 நிஜமா, இல்லை சின்னச் சின்ன நாடுகளோடு ஆடிச் சேர்த்ததா? அப்புறம், அந்த ஆள் கோச்சாக அப்படி என்ன செய்துவிட்டார் என்று இத்தனை ஏக்கம்? தென்கிழக்காசியப் பந்து பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பினாங்குக்காரன்:

தம்பி, நான் சொல்கிறேன், ஆனால் வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன், ஏனென்றால் நான் மலேசியாக்காரன்.

1996-இல் முதல் டைகர் கோப்பை (தென்கிழக்காசிய நாடுகளின் கோப்பை, பிறகு ஆசியான் கோப்பை என்று சொன்னார்கள்) சிங்கப்பூரில் நடந்தது. இறுதி ஆட்டம் நாங்களும் தாய்லாந்தும். ஒரே ஒரு கோல், ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, போட்டது இந்த ஆள். அதற்குப் பிறகு எண்பது நிமிஷம் நாங்கள் முட்டி மோதியும் ஒன்றும் நடக்கவில்லை. கோல் போட்டதும் ஒரு குட்டிக்கரணம் அடிப்பார் பாருங்கள், அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது, எரிச்சலாகவும் இருக்கும், ரசிக்காமலும் இருக்க முடியாது. பிறகு எங்கள் லீக்கிலேயே பெர்லிஸ் அணிக்கு வந்து ஆடினார். திட்டிக்கொண்டிருந்த வாயாலேயே கைதட்டவும் வேண்டியதாகிவிட்டது!

இப்போது 2014-க்கு வாருங்கள். மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி நாங்களும் அவர்களும், இந்த முறை அவர் கோச். பாங்காக்கில் 2-0 தோற்றுவிட்டு வந்தோம். எங்கள் ஊர் புக்கிட் ஜாலில் மைதானத்தில் இரண்டாவது ஆட்டம், நான் மேல் வரிசையில் மச்சானோடு உட்கார்ந்திருக்கிறேன். சஃபிக் ரஹிம் பெனால்டியில் ஒன்று, பாதி ஆட்டம் முடிகிற நேரத்தில் இந்திரா புத்ரா ஒன்று, மறுபடி சஃபிக் ஃப்ரீ கிக்கில் ஒன்று. 3-0. மொத்தக் கணக்கில் 3-2, கப் எங்கள் கையில். பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, கட்டிப்பிடித்துக் குதிக்கிறோம். கடைசிப் பத்து நிமிஷத்துக்குள் தாய்லாந்தின் ஷப்பூயி ஒன்று, சனாத்திப் ஒன்று. முடிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை.

சோற்றில் மண் அள்ளிப் போட்டது போல இருந்தது, அதுவும் ஒரே ஆள் இரண்டு தடவை, பதினெட்டு வருஷ இடைவெளியில். ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் அந்தக் கோப்பையை ஜெயித்த முதல் ஆள் அவர்தான்.

கணக்குப்பிள்ளை:

71 பற்றி. மாலத்தீவையும் புருனேயையும் அடித்துச் சேர்த்த கோல்கள் என்று எழுதுகிறவர்கள் அந்தக் காலத்துக் கால அட்டவணையைப் பார்ப்பதில்லை. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி இப்போது சின்னப் பையன்கள் ஆட்டம், ஆனால் 1999 வரைக்கும் அங்கே முழு சீனியர் அணிதான் இறங்கும். 1993, 95, 97, 99 என்று நான்கு தங்கத்திலும் அவர் இருந்தார். அந்தக் கோல்களும் சர்வதேசக் கோல்களாகவே சேரும். எந்த ஆட்டத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் கணக்கு வைப்பவர்களுக்குள் சண்டை உண்டு, எண் கொஞ்சம் முன்னே பின்னே வரும், ஆனால் தாய்லாந்துக்கு இவர் 71, இவருக்கு முந்தைய ஸ்ட்ரைக்கர் பியாபொங் 70, பின்னால் வந்த தீராசில் 64 என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரிசை.

எதிரணி பலவீனம் என்று சொன்னால் 1998 ஆசிய விளையாட்டுக் காலிறுதியை எங்கே வைப்பீர்கள்? பாங்காக், எதிரில் தென்கொரியா. கியாட்டிசுக் முதல் கோல், கொரியா சமன் செய்தது, தாய்லாந்துக்கு இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே, ஒன்பது பேரோடு கூடுதல் நேரம், அப்போது தவாட்சாய் தூரத்திலிருந்து ஃப்ரீ கிக்கில் கோல்டன் கோல் (போட்டவுடனேயே ஆட்டம் முடிந்துவிடும்). அங்கே அம்பது வயசு ஆட்களிடம் கேட்டால் அந்த ஃப்ரீ கிக்கை நடித்தே காட்டுவார்கள்.

எதிர்க்கட்சி:

எல்லாம் சரி. ஆனால் கொஞ்சம் அதிகமாகவே பூஜை போடுகிறோம் என்று தோன்றுகிறது.

ஆட்டக்காரராக 1999-இல் இங்கிலாந்து போனார், ஹடர்ஸ்ஃபீல்டு கிளப், ஸ்டீவ் புரூஸ் மேனேஜர். முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். கோச்சாக 2018 உலகக் கோப்பைத் தகுதியின் கடைசிச் சுற்று: ஏழு ஆட்டம், ஆறு தோல்வி, ஒரு டிரா. ஈராக்கிடம் 4-0, சொந்த ஊரில் சவூதியிடம் 3-0, சைத்தாமாவில் ஜப்பானிடம் 4-0, அத்தோடு ராஜினாமா. இரண்டு தடவையும் ஒரே சுவர். ஆசியானுக்குள் அவர் ராஜா, வெளியே வந்தால் பந்து காலில் ஒட்டாது. பொடிப்பொடியாகப் பாஸ் கொடுத்து ஏறி ஆடுகிற ஆட்டம் பார்க்க அழகு, ஆனால் ஜப்பான்காரனிடமும் அதையே ஆடினால் பின்னால் திறந்த வீடுதானே? ஆளுக்கு ஏற்ற மாதிரி மாற்றத் தெரியாத கோச்சை எப்படிப் பெரிய கோச் என்பது?

கணக்குப்பிள்ளை:

ஹடர்ஸ்ஃபீல்டை நான் தோல்வி என்று வைக்க மாட்டேன். அந்த வருஷம் ஆசியாவிலிருந்து இங்கிலாந்து போனவர்களை விரல் விட்டு எண்ணலாம், தாய்லாந்துக்காரன் என்றால் யாருக்கும் எதுவும் தெரியாத காலம். சரி, அது போகட்டும். கடைசிச் சுற்றுக்குப் போனதையே ஏதோ குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தாய்லாந்து அதற்கு முன்பு கடைசிச் சுற்றில் ஆடியது 2001-இல், பீட்டர் வித் என்பவர் கோச், முன்னால் நின்று ஆடியது இதே கியாட்டிசுக். அடுத்த தடவை 2016-இல், இவரே கோச். இரண்டிலும் இருந்தவரிடம் போய் “ஏன் அங்கேயே நின்றுவிட்டாய்” என்று கேட்டால், நாட்டையே அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும் அவர்தானே, பாதிப் பதில் கேள்வியிலேயே இருக்கிறது.

இன்னொன்று. ஆட்டக்காரராக அவர் கடைசியாக டைகர் கோப்பை தூக்கியது 2002, ஜகார்த்தாவில் இந்தோனேசியாவைப் பெனால்டியில் ஜெயித்து. அதற்குப் பிறகு 2007, 2008, 2012 என்று மூன்று இறுதி ஆட்டம் போய் மூன்றிலும் தோல்வி. அடுத்த கோப்பை 2014, இவர் கோச்சாக வந்த பிறகுதான். நடுவில் பன்னிரண்டு வருஷம் காலி. தாய்க்காரர்கள் ஏன் ஏங்குகிறார்கள் என்று கேட்டீர்களே, இந்தக் காலி இடம்தான்.

பினாங்குக்காரன்:

எதிர்க்கட்சி அண்ணே, மாற்றத் தெரியாது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2016 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு 2-2 பாருங்கள். மன்னர் பூமிபோல் இறந்து ஒரு மாதம்தான், நாடே கறுப்பில் இருந்தது. ஆஸ்திரேலியா போட்ட இரண்டும் ஜெடினாக்கின் பெனால்டி. தாய்லாந்தின் இரண்டையும் தீராசில் போட்டார், ஒன்று ஓடி ஆடி, இன்னொன்று பெனால்டியில். அதே ஆட்டமுறைதான், அன்று எடுபட்டது.

முன்னால் நிற்க தீராசிலை விட்டால் வேறு ஆளும் அவரிடம் இல்லை. தாய் லீக் கிளப்புகள் எல்லாம் ஒன்பதாம் நம்பருக்கு, அதாவது ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு, பிரேசில்காரனையோ ஆப்பிரிக்காக்காரனையோ வாங்கிப் போடும், உள்ளூர்ப் பையன் ஓரத்தில் ஓடுவான். 71 கோல் போட்ட ஆள் கோச், அவருக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் இல்லை! எங்கள் ஊரிலும் இதே கதைதான், அதனால் சிரிக்கவும் முடியாது.

மைதான ஓரம்:

அருமை, எல்லாருக்கும் நன்றி. 2013-இல் சீனாவை அவர்கள் ஊரிலேயே 5-1 என்று அடித்தார்களே, அதுவும் இவர்தானா? சீனாவின் கோச் கமாச்சோவின் வேலை போன ஆட்டம்.

கணக்குப்பிள்ளை:

அவரேதான், தற்காலிகக் கோச்சாக. பெரும்பாலும் இளம் பையன்கள். அதே வருஷக் கடைசியில் மியான்மரில் தென்கிழக்காசியத் தங்கம், அடுத்த வருஷம் இஞ்சியானில் ஆசிய விளையாட்டு நான்காம் இடம். 2014-இல் மலேசியாவை அழ வைத்த அணி அங்கே இருந்து வளர்ந்தது.

எதிர்க்கட்சி:

சரி, பாதி இறங்கி வருகிறேன். எனக்கு அவர் வாழ்க்கையில் பிடித்த பகுதி தாய்லாந்தே இல்லை, வியட்நாம். 2002-இல் ஹோவாங் ஆன் யா லாய் என்ற கிளப்புக்கு ஆடப் போனார், பிளேக்கு என்ற மலைநாட்டு ஊர். அதுவரை யாரும் பெரிதாக மதிக்காத கிளப் 2003, 2004 இரண்டு வருஷமும் லீக் ஜெயித்தது. வியட்நாம்காரனுக்குத் தாய்லாந்து என்றால் எப்போதும் பரம எதிரி, அவர்கள் இவரை மட்டும் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறார்கள். 2021-இல் கோச்சாகத் திரும்பினார், பன்னிரண்டு ஆட்டத்தில் 29 புள்ளி, முதலிடம், அப்போது கொரோனா வந்து லீக்கையே ரத்து செய்துவிட்டார்கள், பட்டம் யாருக்கும் இல்லை. அந்த வருஷம் முழுசாக நடந்திருந்தால் நான் இந்த வாதத்தையே எடுத்திருக்க மாட்டேன்.

பினாங்குக்காரன்:

அண்ணே, அதற்குப் பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுங்கள். 2024 தொடக்கத்தில் ஹனோய் போலீஸ் அணிக்குப் போனார், சில மாதத்திலேயே வெளியே. அந்த நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தது தெரியுமா? போல்கிங். இவருக்குப் பிறகு தாய்லாந்துக்கு இரண்டு ஆசியான் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஆள்.

மைதான ஓரம்:

யப்பா. சரி, 1996 இறுதி ஆட்டத்தின் வீடியோ எங்கேயாவது கிடைக்குமா? அந்தக் குட்டிக்கரணத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பினாங்குக்காரன்:

கிடைக்கும், தேடுங்கள். என்னிடம் மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள்.