தொலைந்த பெட்டிக்கு எடை போட்டுப் பணம் தருவதாகச் சொன்னபோது

மான்செஸ்டரிலிருந்து வளைகுடா வழியாக மனைவியுடன் சென்னை வந்தபோது, என் பெயரில் டேக் ஒட்டப்பட்ட பெரிய பெட்டி வந்து சேரவில்லை. என் தம்பியின் திருமணத்துக்கான துணிமணிகளும் மனைவியின் பட்டுப் புடவைகளும் அதில்தான் இருந்தன. பெல்ட் நின்றதும் கவுண்டரில், பெட்டி வராததையோ சேதமானதையோ பதிவு செய்யும் பி.ஐ.ஆர். படிவத்தை நிரப்பிக் கொடுத்து, சென்னையின் குறியீடான எம்.ஏ.ஏ. என்று தொடங்கும் எண் பதிந்த நகலை வாங்கிக்கொண்டோம்.

பெட்டி கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட விமான நிறுவனம், எடை 23 கிலோ, கிலோவுக்கு 20 டாலர், ஆக 460 டாலர் என்று மின்னஞ்சல் அனுப்பியது. இதுவே சர்வதேச விதி என்றும் எழுதியிருந்தார்கள். எடையைக் கொண்டு கணக்கிடும் அந்த முறை 1929ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கையைச் சேர்ந்தது. 1999இல் கையெழுத்தாகி 2003இல் நடைமுறைக்கு வந்த மாண்ட்ரியல் உடன்படிக்கை அதைக் கைவிட்டுவிட்டது. பிரிட்டன் அதில் முன்பே சேர்ந்திருந்தது. இந்தியாவும் 2009இல் சேர்ந்து, 1972ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்திவிட்டதால், எங்கள் பயணத்துக்கு மாண்ட்ரியல் விதிகளே பொருந்தும். அதன்படி உச்சவரம்பு ஒரு பயணிக்கு இவ்வளவு என்பதுதான்; பெட்டியின் எடைக்கு அதில் இடமே இல்லை. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். இது கேட்டவுடன் கிடைக்கும் தொகை அன்று. இழந்த பொருள்களின் மதிப்பை நாம்தான் காட்ட வேண்டும். ஆனால் ஒப்படைத்த பெட்டி தொலைந்தால், தங்கள் மீது தவறில்லை என்று மட்டும் சொல்லி நிறுவனம் விலகிக்கொள்ள முடியாது.

அடுத்து, டேக் உங்கள் பெயரில் இருப்பதால் ஒருவருக்கான வரம்புதான் என்றார்கள். ஒரே பெட்டியில் பலருடைய பொருள்கள் இருந்தால், தன் பொருள் அதில் இருந்ததை நிரூபிக்கும் ஒவ்வொரு பயணியும் தனித்தனியே இழப்பீடு கோரலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் இதே உடன்படிக்கையின் கீழ் தீர்ப்பளித்துள்ளது. அது இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், மனைவியின் பெயரில் தனிக் கோரிக்கை அனுப்பியபோது அத்தீர்ப்பை மேற்கோள் காட்டினோம். புடவைக் கடை ரசீதுகளையும், அதே புடவைகளை உடுத்தி எடுத்த பழைய படங்களையும் இணைத்தோம். முதல் விமானம் வேறு நிறுவனத்துடையது, அங்கே கேளுங்கள் என்ற பதிலும் வந்தது. ஆனால் பெட்டி விஷயத்தில் முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், இழப்பு நேர்ந்த கட்டத்தில் ஏற்றிச் சென்ற நிறுவனம் ஆகிய மூன்றில் எதனிடமும் கேட்கலாம் என்பதே விதி.

இறுதியில் இருவருடைய கோரிக்கைகளையும் ஏற்றார்கள். பழைய துணிகளுக்குத் தேய்மானம் கழித்தது நியாயம் என்றே நினைக்கிறேன். திருமணத்துக்காகத் தி.நகரில் அவசரமாக வாங்கிய உடைகளுக்கான ரசீதுகளில் பெரும்பகுதியும் ஏற்கப்பட்டது.

பெட்டி தாமதமாகவோ சேதமடைந்தோ வந்து சேர்ந்தவர்களுக்குக் கெடு இன்னும் கடுமையானது. சேதத்துக்குப் பெட்டியைப் பெற்ற 7 நாள்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாள்களுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும். தவறினால் மோசடி நடந்திருந்தாலொழிய வழக்கே நிற்காது. கவுண்டரில் பி.ஐ.ஆர். கொடுத்தாயிற்று என்று இருந்துவிடாமல், தனியாக மின்னஞ்சலிலும் புகாரைப் பதிவு செய்வதே பாதுகாப்பு. வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள்கள் கடந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகவே கொண்டு இழப்பீடு கோரலாம். நிறுவனம் இழுத்தடித்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கு தொடுத்தாக வேண்டும். மின்னஞ்சலில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நீளும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.