எச்சரிக்கையின்றி அணைந்து தானே மீண்டும் தொடங்கும் மேசைக் கணினி: முதலில் எதைச் சோதிப்பது?

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் பகுதிச் சிறு விவசாயிகள் தொழிற்சாலைக்கு அனுப்பும் பச்சைத் தேயிலையின் எடைக் கணக்கை வீட்டிலுள்ள மேசைக் கணினியில் எழுதி வருகிறேன். ஐப்பசி பிறந்தது முதல் இந்தக் கணினி சட்டென்று அணைந்து, சில நொடிகளில் தானாகவே மீண்டும் தொடங்குகிறது. நீலத் திரையோ பிழைச் செய்தியோ வருவதில்லை. திரை இருளும், மானிட்டர் நிறுவனத்தின் முத்திரை ஒருமுறை தோன்றி மறையும், பிறகு விண்டோஸ் எழும். ஒரு நாளில் ஒருமுறையும் நடக்கும், மூன்று முறையும் நடக்கும். பெரும்பாலும் காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில்தான்.

கணினியும் அதனுடன் வாங்கிய 600 விஏ யுபிஎஸ்ஸும் (மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் கருவி) நான்கு ஆண்டுப் பழையவை. கணினிக்குள் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். 450 வாட். விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவிவிட்டேன், ரேமையும் மாற்றிவிட்டேன், பயனில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவண்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் 'கெர்னல்-பவர் 41' என்று பதிவாகியிருக்கிறது. பழுது பார்த்த கடையில் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். சென்ற வாரம் மாதக் கணக்கை முடிக்கும் தறுவாயில் கணினி அணைந்ததால், இலை கொடுத்தவர்களுக்குப் பணம் இரண்டு நாள் தாமதமாயிற்று. அது எனக்கு மிகுந்த வருத்தம். மதர்போர்டுக்குச் செலவிடுவதற்கு முன் உங்கள் ஆலோசனையைக் கேட்க விரும்புகிறேன்.

பதில் 1 (உதகை, கணினிப் பழுதுபார்ப்பவர்)

ஐயா, தயவுசெய்து இப்போது எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். அந்த 41 என்ற எண் காரணத்தைச் சொல்வதில்லை. முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றுபோயிருக்கிறது என்று விண்டோஸ் அடுத்த முறை எழும்போது எழுதிவைக்கும் குறிப்பு அது, அவ்வளவே. அந்தப் பதிவைத் திறந்து, விவரங்கள் பகுதியில் 'பக்செக்கோடு' (பிழை எண்) என்ற வரிக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பூச்சியமல்லாத எண் இருந்தால் டிரைவர், ரேம் போன்றவற்றின் பக்கம் தேடலாம். பூச்சியமாக இருந்தால், எதையும் எழுதிவைக்க விண்டோஸுக்கு அவகாசமே கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது மின்சாரம், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு ஆகியவற்றின்மேல் ஐயம் திரும்பும். பிராசசர் அளவுகடந்து சூடானால் பெரும்பாலும் கணினி அணைந்து அப்படியே கிடக்கும். உங்களுடையதுபோல் உடனே எழுந்து நிற்காது. எனினும் விசிறியில் தூசு படிந்திருந்தால் நீக்கிவிடுங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், குளிர் இருந்தாலும் நம் ஊரில் விசிறி தன் வேலையை ஒழுங்காகச் செய்தாக வேண்டும்.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. நான் எப்போதும் இதிலிருந்துதான் தொடங்குவேன். விண்டோஸ் எழுமுன் இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலுக்குள், மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் ஓர் அமைப்பு உண்டு. சில மதர்போர்டுகளில் 'ஏசி பவர் லாஸ்' என்ற பெயரிலும், சிலவற்றில் 'ஏசி பேக்' என்ற பெயரிலும் இருக்கும். உங்கள் கணினியில் அது 'பவர் ஆன்' என்றோ 'லாஸ்ட் ஸ்டேட்' என்றோ வைக்கப்பட்டிருக்கலாம். அதைப் 'பவர் ஆஃப்' என்று மாற்றிவிட்டு வழக்கம்போல் வேலை செய்யுங்கள். மின்சாரம் அறுபடுவதுதான் காரணம் என்றால், இனி கணினி அணைந்தபடியே இருக்கும், நீங்கள் பொத்தானை அழுத்தினால்தான் எழும். மாறாக, உள்ளுக்குள் ஏதோ பிழை ஏற்பட்டு மறுதொடக்கம் ஆகிறதென்றால், முன்போலவே தானாக எழுந்துவிடும். கூடவே, விண்டோஸின் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். நீலத் திரை ஒளிந்துகொண்டு போவதை அது தடுக்கும்.

பதில் 2 (கூடலூர்)

எங்கள் பக்கம் ஆனி, ஆடி மழையில் இதே தொல்லை வருவதுண்டு. உங்களுக்கு ஐப்பசி மழை என்பதால் ஈரத்தையும் நினைவில் வையுங்கள். கணினி சன்னலோரம் இருந்தால் நகர்த்துங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளை எழுதுபொருள் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். என் கணினி இதிலேயே சரியாயிற்று.

கேள்வி கேட்டவர் (நான்கு நாட்களுக்குப் பிறகு)

இருவருக்கும் நன்றி. பக்செக்கோடு எல்லாப் பதிவுகளிலும் பூச்சியம்தான். ரேமைத் துடைத்துப் பொருத்தினேன், மாற்றமில்லை. பயாஸ் அமைப்பைப் 'பவர் ஆஃப்' ஆக்கிய பின், நேற்றும் இன்றும் காலையில் கணினி அணைந்து, அணைந்தபடியே கிடந்தது. வீட்டில் மின்சாரம் போகவில்லை. மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்று அணைந்தபோது மனைவி குளியலறைக் கீசரைப் போட்டிருந்தார். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: சுவர்ப் பிளக்கில் 226 வோல்ட், கீசர் ஓடும்போது 209 வோல்ட். இந்த அளவுக்கு யுபிஎஸ் தாங்க வேண்டாமா?

பதில் 3 (குன்னூர், மின்பணியாளர்)

உங்கள் முதல் பதிவிலேயே விடை இருக்கிறது, ஐயா. மானிட்டரின் முத்திரை தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மின்சாரம் அறுந்து மீண்டும் வரும்போதுதான் மானிட்டர் பொதுவாக அந்த முத்திரையைக் காட்டும். கணினி மட்டும் மறுதொடக்கமானால் மானிட்டருக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஆக, இரண்டுக்கும் பொதுவான யுபிஎஸ்ஸில்தான் மின்சாரம் அறுபடுகிறது.

மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை. வயரிங்கில் எங்கோ ஒரு முனை தளர்ந்திருந்தால், கீசர் போன்ற பெரிய சுமை ஏறும்போது அங்கே பொறி பறந்து, சில மில்லிநொடிகளுக்கு மின்சாரம் விட்டுவிட்டு வரும். மீட்டரின் எண்ணில் அது தெரியாது, யுபிஎஸ்ஸுக்குத் தெரியும். உடனே அது 'டக்' என்று பேட்டரிக்கு மாறும். பேட்டரி செத்திருந்தால் அந்தக் கணமே வெளியீடு நின்றுவிடும். வியப்பு என்னவென்றால், கணினியை நேரே சுவரில் செருகியிருந்தால் ஒருவேளை அணையாமலும் இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அரைச் சுற்றான 10 மில்லிநொடி இடைவெளியை நல்ல எஸ்.எம்.பி.எஸ். தன் கெப்பாசிட்டரில் உள்ள மின்னூட்டத்தைக் கொண்டே கடத்திவிடும்.

யுபிஎஸ்ஸைச் சோதிக்கக் கணினியைப் பயன்படுத்த வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு 60 வாட் குண்டு பல்பு ஒன்றை யுபிஎஸ்ஸில் மாட்டி, எரியும்போது யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். நல்ல பேட்டரி என்றால் பல்பு பல நிமிடங்கள் எரிய வேண்டும். பேட்டரி மாற்றியதும் கணினி நின்றுபோகாது. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். தளர்ந்த முனை நாளுக்கு நாள் சூடாகும்; மரப் பலகைமேல் மெயின் சுவிட்ச் வைத்த பழைய வீடுகளில் அது தீயில் முடியக்கூடும். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து மெயின் சுவிட்சிலிருந்து கீசர்வரை ஒவ்வொரு முனையையும் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர்ப் பெட்டியின் முத்திரையை யாரும் தொடக்கூடாது. அது மின்வாரியத்தின் பொறுப்பு.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

தாமதத்துக்கு மன்னிக்கவும், முடிவு உறுதியான பின் எழுதலாம் என்று காத்திருந்தேன். பிளக்கை உருவியதும் பல்பு ஒரு கண்சிமிட்டும் நேரம்கூட எரியவில்லை. யுபிஎஸ்ஸைத் திறந்த கடைக்காரர் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியை வெளியே எடுக்கவே சிரமப்பட்டார். பக்கங்கள் இரண்டும் உப்பிப் பெட்டியோடு இறுகியிருந்தன. புதியது போட்டதிலிருந்து ஒருமுறைகூடக் கணினி அணையவில்லை. ஆனால் கீசர் போடும்போது யுபிஎஸ்ஸிலிருந்து நீங்கள் சொன்ன அந்த 'டக்' கேட்டுக்கொண்டே இருந்தது.

மின்பணியாளர் சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்தார். மெயின் சுவிட்சின் நியூட்ரல் திருகு கையால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அந்த வயரின் கறுப்பு உறை ஓர் அங்குல நீளத்துக்கு உருகிப் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. பின்னாலிருந்த பலகையிலும் விரல்நுனி அளவுக்குக் கருகல். கருகிய பகுதியை வெட்டி, புதிய முனை எடுத்து, சுவிட்சையும் மாற்றினார். இப்போது கீசர் ஓடும்போது 219 வோல்ட் காட்டுகிறது. 'டக்' சத்தம் இல்லை. பயாஸ் அமைப்பை மட்டும் 'பவர் ஆஃப்' என்றே விட்டுவைத்திருக்கிறேன். இனி என்றாவது காலையில் கணினி அணைந்து கிடந்தால், முதலில் மெயின் சுவிட்சைத்தான் போய்ப் பார்ப்பேன்.