குறைந்த விலை மின்சார கார்: எந்த உருவம் சரி?

வணக்கம். மதுரையில் இருக்கிறோம். வீட்டுக்கு முதல் கார், மின்சார கார்தான் என்று முடிவாகிவிட்டது. பட்ஜெட் 10 லட்சத்தை ஒட்டி. தினம் 40 கிலோமீட்டர்தான் ஓட்டம், அதனால் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) கவலை இல்லை. குழப்பமெல்லாம் உருவத்தில்தான்.

எனக்கு டாடாவின் சின்ன மின்சார கார் டியாகோ இவியின் அடக்கமான முகம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. தெரிந்தவர் ஒருவரின் தாழ்வான காரிலிருந்து இறங்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்து இரண்டு முறை உன்னி எழுந்தார். அதைப் பார்த்ததிலிருந்து அதே டாடாவின் உயரமான பஞ்ச் இவி பக்கம் மனம் போகிறது. டிக்கியும் பெரிது, 366 லிட்டர், டியாகோவில் 240. முன்பக்கம் முழுக்க ஓடும் அந்த விளக்குப் பட்டைதான் என் கண்ணுக்கு இன்னும் பழகவில்லை.

மகள் கேட்பது எம்ஜியின் குட்டி மின்சார கார் காமெட். மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளம், எங்கள் சந்துக்குக் கச்சிதம். ஆனால் இரண்டே கதவு, பின்னால் உட்கார முன் சீட்டை மடக்க வேண்டும். அம்மாவுக்கு ஒத்துவராது.

பஞ்ச் இவி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: வயதானவர்களுக்கு ஏறி இறங்க வசதியா? நெடுஞ்சாலையில் 100 வேகத்தில் அந்த உயரத்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறதா? அப்புறம், நம் ஊர் வெயிலுக்கு வெள்ளை நிறமே எடுத்துவிடலாமா?