எந்தக் காட்சி உங்களை இன்னும் விடவில்லை?

பேய்ப் படங்களைக் கேட்கவில்லை. பேய்ப் படம் பார்த்தால் இரண்டு நாள் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குவோம், மூன்றாம் நாள் சரியாகிவிடும். பார்த்து வருஷக்கணக்காகியும் பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது திடுமென்று வந்து நிற்கும் பாருங்கள், அந்த மாதிரிப் படம். அதில் குறிப்பாக எந்த இடம்? முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கார்ட்டூன்தானே என்று நானேதான் போட்டேன். 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்', ஜப்பானியப் படம், 1988. அதற்கு முந்தின வாரம் அதே ஸ்டுடியோ ஜிப்லியின் 'மை நெய்பர் டோட்டோரோ'வைப் பார்த்து அவள் சோபாவில் குதித்துக்கொண்டிருந்தாள், அதனால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. ஜப்பானில் இந்த இரண்டையும் ஒரே காட்சியில் சேர்த்துத்தான் வெளியிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. என்ன மனசோ அவர்களுக்கு.

படம் ஆரம்பிக்கும்போதே அண்ணன் செத்துப்போகிறான். ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடி. 1945 செப்டம்பர் 21, அன்று இரவு நான் இறந்தேன் என்று அவனே சொல்கிறான். மகளுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை, நானும் விளக்கவில்லை. அவனிடம் இருந்த தகர டப்பா ஒன்றை நிலையத்து ஆள் வெளியே இருட்டில் வீசுகிறான், மூடி திறந்து சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. பழ மிட்டாய் டப்பா அது, நாலு வயசுத் தங்கையுடையது. அதற்கப்புறம்தான் கதையே தொடங்குகிறது. குண்டுவீச்சில் அம்மா போய், சொந்தக்காரர் வீட்டில் ஒட்டாமல், கடைசியில் பசியில் காய்ந்து கிடக்கிற அந்தத் தங்கை, விளையாட்டுக் கண்ணாடிச் சில்லை மிட்டாய் என்று வாயில் போட்டுச் சப்புகிறாள். என் மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அது மிட்டாய் இல்லப்பா, அந்த அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றாள். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை அவள் தன் கலர் பென்சில் டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். கடக், கடக். "கீழே வை அதை" என்று கத்திவிட்டேன். ஏன் கத்துகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. எட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது தகர டப்பாவை ஆட்டினால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். சரி, இனி நீங்கள் சொல்லுங்கள்.

* * *

எனக்கு 'இர்ரிவர்சிபிள்', 2002, காஸ்பர் நோயே. நல்ல ஹெட்ஃபோன் புதிதாக வந்திருந்தது, அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி தனியாகப் பார்த்தேன். பத்து நிமிஷத்திலேயே வயிற்றைப் புரட்டியது. திரையில் அப்போது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, கேமராதான் தலைகீழாகச் சுழன்றுகொண்டிருந்தது. சாப்பாடு சேரவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, படத்தின் முதல் பகுதியில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓர் ஒலியை வேண்டுமென்றே ஓடவிட்டிருக்கிறார்கள். மனிதக் காதுக்குக் கீழ் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ் என்பார்கள், அதற்குக் கொஞ்சம் மேலே. கேட்கிறது என்றே தெரியாது, ஆனால் நெஞ்சுக்கூட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

சுரங்கப்பாதையில் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்கிற அந்தக் காட்சியைப் பற்றி விவரமாக எழுத மாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவரை பைத்தியம் பிடித்தது போல் சுற்றிய கேமரா அங்கே வந்ததும் தரையில் படுத்து அசையாமல் கிடக்கிறது, ஏறக்குறைய ஒன்பது நிமிஷம், வெட்டே இல்லை. தூரத்தில் ஓர் ஆள் வருகிறான். நின்று பார்க்கிறான். திரும்பிப் போய்விடுகிறான். பலருக்கும் அந்தக் கொடுமைதான் நினைவில் நிற்கும், எனக்கு அந்தத் திரும்பிப் போனவன். அவனுக்கு முகம்கூடக் கிடையாது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழாமல் நானும்தானே முழுசாகப் பார்த்தேன்.

* * *

பாஸ், ஒலி விஷயம் உண்மைதான், ஆனால் எல்லோரும் இதையே சொல்லி வயிற்றுவலிக்கு நியாயம் தேடுகிறார்கள். நான் அதைப் போனில் பார்த்தேன். போன் ஸ்பீக்கரில் அவ்வளவு தாழ்ந்த ஒலி வரவே வராது. அப்படியும் எனக்குக் குமட்டியது. சில சமயம் படமே போதும்.

* * *

நான் சொல்லப்போவது படத்தைப் பற்றியா அப்பாவைப் பற்றியா என்று எனக்கே குழப்பம்.

'விசாரணை'. வெற்றிமாறன். மு. சந்திரகுமார் தான் பட்டதை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து எடுத்தது, அவர் ஆட்டோ ஓட்டுநர். தேசிய விருது வாங்கிய படம் ஆச்சே என்று டிவியில் போட்டபோது அப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் படம் பார்க்கும்போது பேசிக்கொண்டே இருப்பார், இவன் அந்தப் படத்தில் அண்ணனாக வந்தான், அவன் குரல் சரியில்லை என்று. அன்றைக்குச் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். தூங்கவில்லை. திரையில் அடிக்கத் தொடங்கியதும் தரையில் ஊன்றியிருந்த இரண்டு காலையும் மெதுவாகத் தூக்கி நாற்காலிமேல் வைத்து, வேட்டியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார். காட்சி மாறினால் காலை இறக்குவார். மறுபடி லத்தி தெரிந்தால் மறுபடி மேலே. அவருக்கு எழுபது வயசு அப்போது.

படம் முடிந்ததும் "நல்லா எடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அம்மாதான் மறுநாள் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்னால், வேலை பார்த்த இடத்தில் ஏதோ பொருள் காணாமல் போனதென்று இரண்டு ராத்திரி வைத்து விசாரித்திருக்கிறார்கள். எடுத்தவன் வேறொருத்தன், மூன்றாம் நாள் அகப்பட்டுவிட்டான். "உங்கப்பா ஒரு மாசம் செருப்பு போடலை" என்றார் அம்மா, அவ்வளவுதான். நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. அவரிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

* * *

மேலே எழுதியவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சும்மா கடந்துபோக மனம் வரவில்லை, அதனால் இந்த ஒரு வரி.

* * *

கொஞ்சம் வேறு ரகம். எனக்குப் பயமோ அழுகையோ இல்லை, கோபம். மிகயேல் ஹானெகேயின் 'ஃபன்னி கேம்ஸ்', 1997. வெள்ளைக் கையுறை போட்ட, மரியாதையாகப் பேசுகிற இரண்டு பையன்கள் ஒரு குடும்பத்தை வீட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அதில் வன்முறை கிட்டத்தட்ட எதுவுமே திரையில் நடக்காது, சத்தம் மட்டும் வரும். மகன் போன பிறகு டிவியில் கார் பந்தயம் ஓடிக்கொண்டே இருக்கிறது, டிவி கண்ணாடியில் ரத்தம் வழிகிறது, அம்மா கட்டுப்போட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். கேமரா நகராது. அந்த டிவியை யாராவது அணையுங்களேன் என்று நான் என் வீட்டு ரிமோட்டைத் தேடினேன், சத்தியமாக.

அப்புறம் ஒரு கட்டத்தில் அவள் துப்பாக்கியைப் பறித்து ஒருவனைச் சுட்டுவிடுகிறாள். நான் கை தட்டினேன். தனியாக இருந்த அறையில், சத்தமாக. மற்றவன் என்ன செய்கிறான் தெரியுமா, ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தையே பின்னோக்கி ஓட்டுகிறான். சுடுவதற்கு முன்னால் போய் நிற்கிறது, இந்தத் தடவை அவள் கைக்குத் துப்பாக்கி கிடைக்கவில்லை. ஏமாற்று வேலை என்று அன்றைக்குத் திட்டினேன். இப்போது கொஞ்சம் புரிகிறது, எந்தச் சாவுக்குக் கை தட்டலாம் எதற்குக் கூடாது என்று நான் எவ்வளவு வேகமாக முடிவெடுத்தேன் என்பதைத்தான் அந்த ஆள் படம் பிடித்திருக்கிறான். புரிந்தாலும் பிடிக்கவில்லை. 2007இல் அதையே ஆங்கிலத்தில் அவரே திரும்ப எடுத்தார், ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட். அதை நான் பார்க்கப்போவதில்லை.

* * *

ஆமை. 'கானிபல் ஹோலோகாஸ்ட்', 1980. நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு இயக்குநர்மேல் இத்தாலியில் வழக்கே வந்தது, அவர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டித்தான் தப்பித்தார். மனிதர்கள் நடித்தார்கள், சரி. அந்த ஆமை நடிக்கவில்லை. அங்கேயே அணைத்துவிட்டேன், மீதி என்ன கதை என்று இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை.

* * *

'மகாநதி' வந்தது 1994இல். எனக்குப் பன்னிரண்டு வயது. குடும்பத்தோடு போனோம், பொங்கல் படம், கமல் படம், சிரித்துவிட்டு வரலாம் என்று. காணாமல் போன மகளை அப்பா சிவப்பு விளக்குப் பகுதியில் தேடிக் கண்டுபிடிக்கிற இடம் வந்ததும் அம்மா சட்டென்று தன் உள்ளங்கையால் என் கண்ணைப் பொத்திவிட்டார். வளையல் நெற்றியில் அழுந்தியது நினைவிருக்கிறது. அப்புறம் அவரும் அழத் தொடங்கியதில் கையை எடுக்கவே மறந்துவிட்டார் போல.

ஆனால் காதை யாரும் பொத்தவில்லை. அந்தப் பெண்ணை மீட்டுக் கொண்டுவந்த பிறகு அவள் தூக்கத்தில் பேசுகிற காட்சி. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை மட்டும் கேட்டேன். அவள் என்ன சொல்கிறாள் என்று அப்போது எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. பக்கத்தில் எல்லோரும் ஏன் இப்படி விம்முகிறார்கள் என்பதுதான் பயமாக இருந்தது. பல வருஷம் கழித்து, கல்லூரி முடித்த பிறகு, ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது ஒன்றுமில்லாமல் அந்தக் குரல் மனதில் ஓடி, அப்போது அர்த்தம் புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கும் இப்போது ஒரு பெண் குழந்தை. தூக்கத்தில் உளறுவாள், எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான், "என் டர்ன், என் டர்ன்" என்று ஏதோ விளையாட்டுச் சண்டை. நான் எழுந்து போய், முழு வாக்கியமும் காதில் விழுகிற வரை கட்டில் பக்கத்திலேயே நிற்பேன். வீட்டுக்காரர் கேலி செய்வார். காரணம் சொன்னதில்லை.

* * *

குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டபின் இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவர்கள் கை தூக்குங்கள். 'சைக்கோ'வில் வருகிற குளியலறைக் கொலைதான் காரணம். 1960 படம், கறுப்பு வெள்ளை, ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் சிரப் ஊற்றினார்களாம். தெரிந்த பிறகும் இழுத்துப் பார்க்கிறேன்.

* * *

நான் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் நர்ஸ். ரத்தமெல்லாம் தினமும் பார்ப்பதுதான், அதனால் மேலே சிலர் சொன்ன படங்களைப் பார்த்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, மன்னிக்கவும். என்னைச் சாய்த்தது 'கம் அண்ட் சீ', 1985, சோவியத் படம், எலெம் கிளிமோவ். இரண்டாம் உலகப் போரில் பெலாரஸில் நாஜிகள் மக்களோடு சேர்த்து எரித்த கிராமங்கள் 628 என்று படத்தின் முடிவில் எழுத்தில் வரும். இயக்குநர் அதற்கப்புறம் வேறு படமே எடுக்கவில்லை.

கொட்டகையில் அடைத்து எரிக்கிற காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு வெகு முன்னால் வருகிற ஓர் இடம். பையன் ஒரு பெண்ணோடு தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் சூப் இன்னும் சூடாக இருக்கிறது. தரையில் தங்கைகளின் பொம்மைகள், ஈ மொய்க்கிற சத்தம். எங்கே ஒளிந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லி அவன் ஓடுகிறான். பின்னால் ஓடுகிற அந்தப் பெண் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுச் சுவரோரம் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. சில நொடிதான். அவனிடம் சொல்லாமல் அவன் பின்னாலேயே ஓடுகிறாள்.

அந்த முகம் எனக்குத் தெரியும். உள்ளே ஆள் போன பிறகு டாக்டர் வந்து சொல்கிற வரை நாங்கள் எதுவும் சொல்லக் கூடாது. வெளியே வந்தால் "சிஸ்டர், எப்படி இருக்கார்?" என்று கேட்பார்கள். "டாக்டர் வருவார்மா" என்று சொல்லிவிட்டு அவர்கள் கண்ணைப் பார்க்காமல் நடப்பேன். நடக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. படத்தில் பார்த்துவிட்டேன். மறுநாள் டியூட்டியில் ஒரு அம்மா கேட்டபோது என்னால் நடக்க முடியவில்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. இன்சார்ஜிடம் திட்டு வாங்கினேன்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடி வருகிறேன். இத்தனை வரும் என்று நினைக்கவில்லை. இதையெல்லாம் போன வாரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது மகள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டாள். அவளுக்கு இப்போது பதினைந்து. "ஓ, அந்த டப்பா படமா? நீங்கதான் பாதியில நிறுத்திட்டீங்க, நான் முழுசா பார்க்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டோம். ரயில் நிலையத்தில் டப்பாவை வீசுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அவள் "நிறுத்தட்டுமாப்பா?" என்று கேட்டாள். வேண்டாம், நீ பார் என்றேன். படம் முடிகிறவரை ஒரு பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். முடிந்ததும் அவள் உள்ளே வந்து, எதுவும் கேட்காமல், குழாயை மூடினாள்.