அழிந்துவரும் உயிரினங்களுக்காக இசையையும் ஓவியத்தையும் ஒரே மேடையில் இணைப்பது எப்படி?

கேள்வி:
அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களைப் பற்றி ஒரு மணி நேர மேடை நிகழ்ச்சிக்கு எங்கள் குழு தயாராகி வருகிறது. நால்வர் இசைக்க, ஓவியர் ஒருவர் அதே மேடையில் வரைவார். அவர் வரைவது பின்னாலுள்ள திரையில் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒத்திகையில் இசை ஓங்கும்போது ஓவியம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. ஓவியத்தில் கண் பதிந்தால் இசை காதில் ஏறுவதில்லை. வந்தவர்கள் கைதட்டிவிட்டு, அந்த உயிரினத்தை மறந்துபோவார்களோ என்ற கவலையும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
எத்தனை உயிரினங்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்குதான் தொடங்குகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் குரலையே இசைக்கு அடிப்படையாக வையுங்கள். திமிங்கில ஆய்வாளர் ரோஜர் பெய்ன் 1970இல் வெளியிட்ட இசைத்தட்டில் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரலே பாடலாக ஒலித்தது. வேட்டைக்கு எதிராக மக்களைத் திரட்டியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. வணிக நோக்கிலான வேட்டையை நிறுத்திவைக்க 1982இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் எடுத்த முடிவு 1986இல் நடைமுறைக்கு வந்தது.

மறுமொழி 2:
மேற்சொன்னது சரியே. ஆயினும் நீலத் திமிங்கிலத்தின் குரல் பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 20 அதிர்வுகளுக்கு) கீழும், பல வௌவால்களின் ஒலி 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் இருப்பதால், ஒலிப்பதிவின் வேகத்தை மாற்றினால்தான் நம் காதுக்கு எட்டும். அப்படி மாற்றியிருப்பதை அவையில் சொல்லிவிடுவதே நேர்மை. கண்ணும் காதும் மோதாமல் இருக்க இரண்டையும் மாறி மாறி முன்னிறுத்துங்கள். ஓவியர் விலங்கின் கண்ணை வரையும் வேளையில் இசையை முழுவதும் நிறுத்தி, தாளுக்கு அடியில் ஒலிவாங்கி வைத்துத் தூரிகை உரசும் ஓசையை மட்டும் ஒலிக்கவிட்டால், அரங்கம் முழுவதும் அந்தக் கண்ணைத்தான் பார்க்கும். மேடை விளக்கு திரையை வெளிறச் செய்யும் என்பதால் தாளுக்கு மட்டும் சிறு விளக்கு போதும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாங்கள் எண்ணியிருப்பது உடலெங்கும் செதில்கள் கொண்ட எறும்புதின்னி (அழுங்கு). அதற்குக் குரல் என்று சொல்லும்படி ஏதும் இல்லையே?

மறுமொழி 3:
குரல் இல்லாவிட்டால் அதன் செயலிலிருந்து ஓசையை எடுக்கலாம்: நகங்கள் கரையான் புற்றைப் பெயர்ப்பது, அச்சத்தில் சுருண்டுகொள்ளும்போது செதில்கள் உரசுவது. அந்தத் தற்காப்பே அதற்கு வினையாகிறது. சிங்கமும் திறக்கத் திணறும் அந்த உருண்டையை வேட்டைக்காரர் கையால் தூக்கிச் சென்றுவிடுகிறார். ஆகவே செதில் செதிலாக வரைவதை இசையின் தாளத்தோடு பொருத்துங்கள். எட்டு வகை எறும்புதின்னிகளுக்கும் பன்னாட்டு வணிகத் தடை 2017இல் நடைமுறைக்கு வந்தபின்னும் கடத்தல் தொடர்வதை, களப்பணியாளர் ஒருவர் ஐந்து நிமிடம் பேசட்டும். அந்தப் பேச்சை இறுதியில் வைக்காதீர்கள். கடைசிப் பாடலுக்கு முன்பு வைத்தால்தான் இருக்கையில் ஆள் இருக்கும். அன்று வரைந்த ஓவியத்தை அங்கேயே ஏலம் விட்டு, தொகையை மீட்பு மையம் ஒன்றுக்குத் தருவதாக நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்டுவிடுங்கள்.